பழைய படம் இருக்குங்களா?

எக்ஸ்ரே கவர் கைக்கு வந்ததும் நம்மில் யாரும் சும்மா இருப்பதில்லை. உடனே படத்தை உருவி, ட்யூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, 'ம்ம்ம்...' என்று ஒரு சத்தம் கொடுத்தாக வேண்டும். ப்ளஸ் டூவில் காமர்ஸ் எடுத்த ஆசாமிகூட, "இதோ பார், இந்த இடத்துல சளி கட்டியிருக்கு" என்று அடித்துச் சொல்வார். அவர் விரல் வைத்த இடம் பெரும்பாலும் இதயமாக இருக்கும்!

காரணம், எக்ஸ்ரே என்றால் நமக்கு அது ஒரு போட்டோ. உள்ளே இருப்பதெல்லாம் அதில் விழுந்துவிடும், டாக்டர் பார்த்ததும் சொல்லிவிடுவார், சொல்லாவிட்டால் அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். அவ்வளவுதான். விஷயம் அத்தனை சுலபமில்லை என்பது 2022-ல், என் பெரியப்பாவின் நெஞ்சுக்கூடு வழியாக எங்கள் குடும்பத்துக்குத் தெரியவந்தது.

முதலில் பெரியப்பாவைப் பற்றி. சூலூர்ப் பக்கம் ஊர். 1888-ல் ஸ்டேன்ஸ் துரை கோயமுத்தூரில் முதல் மில்லை ஆரம்பித்து வைத்தாலும் வைத்தார், எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தராவது மில் சங்குக்கு எழுந்து பழகியவர்கள். பெரியப்பா முப்பது வருஷ சர்வீஸ். பெரும்பகுதி ப்ளோ ரூமில். பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போடுகிற இடம். காலையில் கறுப்பாகப் போகிற மனுஷன் சாயங்காலம் வெள்ளையாகத் திரும்பி வருவார். ஐம்பது வயது வரை பீடியும் உண்டு. "பஞ்சுத் தூசிக்கு பீடிப் பொகைதான் மருந்துங்" என்பது அவர் கண்டுபிடித்த வைத்திய சாஸ்திரம்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு மாதமாக விடாத வறட்டு இருமல். எக்ஸ்ரே எடுத்தோம். ரிப்போர்ட்டில் இருந்தது இதுதான்: வலது நுரையீரலின் மேல் பகுதியில் சுமார் 12 மில்லிமீட்டர் அளவில் ஒரு 'நாட்யூல்'. சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும்.

நாட்யூல் என்றால் நுரையீரலில் உருண்டையாகத் தெரிகிற சின்னக் கட்டி. 3 சென்டிமீட்டர் வரை இந்தப் பெயர். அதைத் தாண்டினால் வேறு பெயர், வேறு கவலை. பெரியப்பாவுடையது கொண்டைக்கடலை சைஸ். பெரியப்பா மகன் (எனக்கு அண்ணன்) அந்த வார்த்தையை கூகுளில் போட்டான். முதல் பக்கத்திலேயே கான்சர். அவ்வளவுதான், வீடு எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது.

ரெண்டே நாளில் ஒறம்பரை வர ஆரம்பித்துவிட்டது. ஆப்பிள், ஹார்லிக்ஸ், சாத்துக்குடி. கல்யாணத்துக்குக்கூட மொய்யை மட்டும் கொடுத்தனுப்புகிற கொடுமுடி மாமா நேரிலேயே வந்து, பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏன் கண்ணு, இத்தன பேரு வந்து பாத்துட்டுப் போறாங்களே... வீட்ல எதாச்சும் நோம்பியா?"

* * *

நெஞ்சுநோய் டாக்டர் ஒருவரிடம் அழைத்துக்கொண்டு போனோம். அவர் புதுப் படத்தைப் பார்த்தார். ரிப்போர்ட்டைப் பார்த்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி:

"ஐயா, பழைய படம் ஏதாவது இருக்குங்களா?"

"எம்ஜியார் படமுங்களா?" என்றார் பெரியப்பா.

சிரிக்காதீர்கள். 'மலைக்கள்ளன்' எடுத்த ஊர்க்காரர் வேறு எந்தப் படத்தை நினைப்பார்?

பெரியம்மாவுக்குத்தான் சட்டென்று ஞாபகம் வந்தது. 2014-ல் குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். 'நார்மல்' என்று ரிப்போர்ட். படம் அட்டாலிமேல் கிடக்கிறது. அது பிழைத்துக் கிடந்ததே ஒரு கதை.

2019 டிசம்பர் 26. வளைய சூரிய கிரகணம். கோவை, ஈரோடு, ஊட்டி என்று எங்கள் பக்கம்தான் அன்றைக்கு ஸ்பெஷல். சூரியன் நடுவில் இருட்டி மோதிரம் மாதிரி தெரியும் என்று டி.வி.யில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேரப்பிள்ளைகள் அட்டாலியில் ஏறி எக்ஸ்ரே ஃபிலிமை உருவிவிட்டன. ஒன்றின் கையில் கத்தரிக்கோல். ஆளுக்கொரு துண்டாம்! எக்ஸ்ரே ஃபிலிம் வழியாகச் சூரியனைப் பார்ப்பது கண்ணுக்கு ஆபத்து என்று டி.வி.யில் டாக்டர்கள் தலைதலையாக அடித்துக்கொண்டது பெரியம்மா காதில் விழுந்திருந்தது. "கண்ணு போச்சுன்னா உங்கொப்பனா வந்து பதில் சொல்லுவான்?" என்று ஒரு போடு போட்டு, ஃபிலிமைப் பிடுங்கி மறுபடி மேலே எறிந்துவிட்டார். பேரன்களின் கண்ணும் பிழைத்தது, படமும் பிழைத்தது.

மறுநாள் அந்தப் படம் டாக்டரின் லைட் பாக்ஸில் ஏறியது. அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, "நீங்களே பாருங்களேன். இதுல எங்கியாச்சும் கட்டி தெரியுதுங்களா?" என்றார்.

அண்ணன் துள்ளி எழுந்தான். ரிப்போர்ட் அவனுக்கு மனப்பாடம்: வலது பக்கம், மேலே. படத்தின் வலது மேல் பக்கத்தை இஞ்ச் இஞ்சாகத் தேடி, ஒரு வெள்ளைப் புள்ளியைத் தொட்டு, "இதுதானுங்க!" என்றான்.

"அது ரெண்டு விலா எலும்பு ஒண்ணு மேல ஒண்ணு விழற எடமுங்க. தவிர, நீங்க தேடினது எடது நுரையீரல்" என்றார் டாக்டர்.

எக்ஸ்ரே படத்தை, நோயாளி நமக்கு எதிரே நிற்கிற மாதிரிதான் மாட்டுவார்களாம். அவருடைய வலது, நமக்கு இடது. அண்ணன் உட்கார்ந்துவிட்டான். என் முறை வந்தது. நான் கணக்குப்பிள்ளை, பீளமேட்டில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். தெரியாத இடத்தில் விரல் வைப்பதில்லை என்ற தொழில் தர்மப்படி பேசாமல் இருந்தேன்.

டாக்டர் பென்சில் முனையை ஒரு இடத்தில் வைத்தார். கழுத்துக்குக் கீழே காறை எலும்பும் முதல் விலாவும் குறுக்கே போகிற இடம். அதற்குப் பின்னால் மங்கலாக, வட்டமாக...

"அட, ஆமா!" என்றோம் எல்லோரும் ஒரே குரலில். அதற்கப்புறம் அதைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. டாக்டர் ஸ்கேலை வைத்து அளந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் இருந்த அதே இடம், அதே கொண்டைக்கடலை.

"கான்சர்னா எட்டு வருஷம் இப்படி அடக்கமா உக்காந்திருக்காதுங்க" என்றார். ரெண்டு வருஷம் வளராமல் இருந்தாலே பெரும்பாலும் பயமில்லை என்பது நெஞ்சுநோய்க்காரர்களின் பழைய கணக்கு. "வீட்ல யாருக்காவது டி.பி. இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். பெரியம்மா, "மாமனாரைப் பெருந்துறை சானடோரியத்துல வெச்சிருந்தாங்கன்னு சொல்லுவாங்க" என்றார். எங்கள் அப்பாருடைய அந்த நோய் சின்ன வயதில் பெரியப்பாவையும் தொட்டு, தானாகவே அடங்கி, ஒரு தழும்பை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். (பெருந்துறை சானடோரியம் இருந்த இடத்தில்தான் இப்போது அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.) சி.டி.யிலும் அதுவே உறுதியானது. கட்டி முழுக்க கால்சியம், சுண்ணாம்பு மாதிரி இறுகிக் கிடந்தது. ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கிற வேலை மிச்சம்.

அப்படியானால் இருமல்? அது பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த பி.பி. மாத்திரையின் வேலை. அந்த ரக மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவருமாம். மாத்திரையை மாற்றியதும் கொஞ்ச நாளில் இருமல் நின்றுவிட்டது. ஹார்லிக்ஸ் மட்டும் மூன்று மாதத்துக்கு வந்தது.

* * *

வெளியே வந்ததும் அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப 2014-லயே இருந்திருக்கு! நார்மல்னு எழுதிக் குடுத்திருக்கானுங்க. இதே கான்சரா இருந்திருந்தா? கேஸ் போடோணும்டா!"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் சற்று முன் இதே அண்ணன், எந்தப் பக்கம் என்று தெரிந்தும், இடது நுரையீரலில் தேடியவன். எனக்கு விஷயத்தை விட மனசில்லை. டாக்டரிடமும் கேட்டு, புத்தகங்களையும் புரட்டிப் பார்த்தேன்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 'செக்கிங்' என்று ஒரு செக்ஷன் உண்டு. துணியை வெளிச்சத்துக்கு நேரே விரித்து, கறை, ஓட்டை, நூல் விட்ட இடம் என்று கண்ணிலேயே பிடிப்பார்கள். ஒற்றைத் துணியில் அது சாத்தியம். அதே பனியனைப் பத்து மடிப்பாக மடித்து, நடுவில் ஒரு தோசைக்கல்லையும் வைத்து, 'கறை எங்கே?' என்று கேட்டால்? எக்ஸ்ரே அதுதான். முன்பக்க விலா, பின்பக்க விலா, காறை எலும்பு, ரத்தக் குழாய்கள், இதயம் எல்லாவற்றின் நிழலும் ஒரே காகிதத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது. இதயத்துக்குப் பின்னாலும், வயிற்றைப் பிரிக்கிற தசைக்குக் கீழே இறங்கியும் இருக்கிற நுரையீரல், மொத்தக் கொள்ளளவில் ஏறக்குறைய கால்வாசி. அங்கே ஒரு கட்டி உட்கார்ந்தால் அதற்கு நல்ல மறைவிடம். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் வெளியே இருப்பதைப் பிடிப்பதே கஷ்டம்.

ரெண்டாவது சிக்கல், இல்லாதது இருப்பதாகத் தெரிவது. ரத்தக் குழாய் நேராக நம்மைப் பார்த்து வந்தால் வட்டமாகத் தெரியும். மார்க்காம்பு நிழல்கூட நாட்யூல் வேஷம் போடும். இதையெல்லாம் கட்டி என்று எழுதினால் ஊர் பூராவும் ஹார்லிக்ஸ் விற்றுத் தீர்ந்துவிடும். எழுதாவிட்டால் நிஜக் கட்டி ஒன்று தப்பிவிடும். படம் பார்க்கிற ரேடியாலஜிஸ்ட், நாள் பூராவும் இந்த ரெண்டுக்கும் நடுவில் கம்பி மேல் நடக்கிறார்.

மூன்றாவது, நம் கண். அமெரிக்காவில் ஹெரால்ட் குண்டெல் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும், நாட்யூல் தேடுகிறவர்களின் கண் படத்தில் எங்கெங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்து 1978-ல் எழுதினார்கள். தவறிய இடங்களில் சிலவற்றைக் கண் தொடவே இல்லை. சிலவற்றைத் தொட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆனால் ஏறத்தாழ பாதிக் கேஸ்களில் கண் சரியாகக் கட்டியின் மேல் போய், நின்று, யோசித்து, 'இது ஒன்றுமில்லை' என்று முடிவு செய்துவிட்டு நகர்ந்திருக்கிறது! அதாவது பார்த்தது கண். கோட்டை விட்டது தீர்ப்பு.

இன்னொரு வேடிக்கை. 2013-ல் அமெரிக்காவில் 24 ரேடியாலஜிஸ்டுகளிடம் சி.டி. படங்களைக் கொடுத்து, நாட்யூல் தேடச் சொன்னார்கள். அவர்களுக்குச் சொல்லாமல் ஒரு நுரையீரலுக்குள் கொரில்லா படம் ஒன்றை ஒட்டி வைத்திருந்தார்கள். சாதாரண நாட்யூலைப் போல 48 மடங்கு பெரிய கொரில்லா. 20 பேர் அதைப் பார்க்கவே இல்லை. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் கண்ணை அதன் மேலேயே வைத்திருந்தார்கள் என்று கருவி சொன்னது. தேடுவது கொண்டைக்கடலையை, குரங்கு எதற்குத் தெரிய வேண்டும்?

ஆபீஸ்காரர்களுக்கு இது புரியும். டிரையல் பேலன்ஸில் 500 ரூபாய் உதைக்கிறது என்று ராத்திரி எட்டு மணி வரை தேடி ஒரு தப்பைப் பிடித்ததும், அப்பாடா என்று மூடி வைத்துவிட்டு பஸ் பிடிப்போம். பக்கத்து வரியிலேயே இருக்கிற ரெண்டாவது தப்பு ஆடிட்டர் கண்ணுக்குத்தான் தெரியும். எக்ஸ்ரேயிலும் ஒன்றைக் கண்டுபிடித்த திருப்தியில் அடுத்தது தப்பிப் போவது, மருத்துவர்களே பல வருஷமாகப் பேசுகிற விஷயம்.

அண்ணனின் கேள்விக்கு நேரான பதில் மேயோ கிளினிக்கில் கிடைத்தது. 1970-களில் அங்கே சிகரெட் பிடிக்கிற ஆண்களுக்கு நான்கு மாதத்துக்கு ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்தார்கள். கான்சரைத் தேடுகிறோம் என்று தெரிந்தே, ஒருவருக்கு மேற்பட்ட டாக்டர்கள் பார்த்தார்கள். 1983-ல் கணக்கு வெளியானது. நுரையீரலின் ஓரப் பகுதிகளில் அகப்பட்ட 50 கான்சர்களில் 45, முன்பே எடுத்த படங்களிலும் இருந்தன. இடம் தெரிந்த பிறகு திரும்பிப் போய்ப் பார்த்தால் தெரிந்தது. எங்கள் 'அட, ஆமா!' மாதிரியேதான்.

* * *

சரி, டாக்டர்மேல் தப்பில்லை, சுபம் என்று போட்டுவிடலாமா? முடியாது. எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் ஒரு அண்ணன் இருந்தார். எந்த நட்டு எந்த ரேக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவருக்கு இருமல் வந்தது. எடை குறைந்தது. எக்ஸ்ரே எடுத்தார், 'நார்மல்'. அந்த ரிப்போர்ட்டை நாலாக மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "என்னண்ணா, இளைச்சுட்டீங்க?" என்று யார் கேட்டாலும், லைசென்ஸ் காட்டுகிற மாதிரி எடுத்துக் காட்டுவார். ஆறு மாதம் காட்டினார். அதற்குள் பெல்ட்டில் ரெண்டு புது ஓட்டை போட்டாகிவிட்டது. சளியில் ரத்தம் வந்த பிறகு சி.டி. எடுத்தார்கள். கட்டி இதயத்துக்குப் பின்னால் இருந்தது. அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை.

முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா? யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் வைத்தியத்துக்கு ஆறு மாதம் கூடக் கிடைத்திருக்கும். அதைத் தின்றது மடித்து வைத்த அந்தக் காகிதம்.

பெரியப்பாவின் டாக்டர் சொன்னார்: "நார்மல்னா, அன்னைக்கு, அந்தப் படத்துல, பாத்தவங்க கண்ணுக்கு ஒண்ணும் தட்டுப்படலைன்னு அர்த்தமுங்க. இருமல் நிக்கலைன்னா நீங்க திரும்பி வரோணும்."

எங்கள் ஆபீஸுக்கு எதிர் பேக்கரியில் சாயங்காலம் ஆறு மணிக்கு நிற்கிற கூட்டத்தில், மாஸ்டர் ஹெல்த் செக்கப் முடித்த கையோடு, "எக்ஸ்ரே கிளீன் மச்சான்!" என்று சிகரெட் பற்ற வைக்கிறவன் ஒருத்தனாவது இருப்பான். அவனுக்கு ஒரு தகவல். 2011-ல் அமெரிக்காவில், நிறைய சிகரெட் பிடித்த 53 ஆயிரத்துச் சொச்சம் பேரை ரெண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு எக்ஸ்ரே, இன்னொரு பிரிவுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. என்று எடுத்துப் பார்த்த முடிவு வந்தது. நுரையீரல் கான்சர் சாவு சி.டி. பிரிவில் 20 சதவீதம் குறைவு. எக்ஸ்ரே கிளீன் என்பது அவனுக்கு லைசென்ஸ் ஆகாது. அதற்காக எல்லோரும் சி.டி.க்கு ஓட வேண்டியதில்லை. உலக டி.பி. நோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இருக்கிற நாடு நம்முடையது. பெரியப்பா மாதிரி பழைய தழும்புக்காரர்கள் ஏராளம். சி.டி.யில் எல்லாத் தழும்பும் தெரியும், எல்லா வீட்டுக்கும் கொடுமுடி மாமா வந்துவிடுவார்.

கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. டி.பி. தேடுகிற எக்ஸ்ரேக்களை ஆளுக்குப் பதிலாக சாஃப்ட்வேரே படிக்கலாம் என்று 2021-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அதற்குத் தூக்கம் வராது, டீ வேண்டாம், கண் எரியாது. நல்ல விஷயம்தான். ஆனால் பெருந்துறைக்குப் போன அப்பாருவைப் பற்றி அதனிடம் யார் சொல்வது?

அந்த வேலை நம்முடையது. எக்ஸ்ரே ரூமில், 'மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க' என்றால் நிஜமாகவே இழுத்துப் பிடியுங்கள். அரை மூச்சில் எடுத்த படத்தில் கீழ்ப் பகுதி நசுங்கித் தெரியும். சிகரெட், மில் வேலை, வீட்டில் பழைய டி.பி., எத்தனை நாள் இருமல் என்பதை டாக்டரிடம் சொல்லி சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ரெண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளி டெஸ்டும் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம்.

இப்போது ஃபிலிமுக்குப் பதில் சி.டி. தட்டும் வாட்ஸப்பும் வந்துவிட்டன. வாட்ஸப்பில் வந்த படத்தை 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்றதும் குட்மார்னிங் மெசேஜோடு சேர்த்து அழித்துவிடாதீர்கள். ஒரிஜினலைக் கேட்டு வாங்குங்கள். பெரியப்பா வீட்டில் ரெண்டு படமும் இப்போது பீரோவில், தோட்டத்துப் பத்திரத்துக்குக் கீழே இருக்கின்றன. சாவி பெரியம்மாவிடம்.

உங்கள் வீட்டு அட்டாலியிலும் ஒரு கவர் கிடக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கித் தூசி தட்டி, யாருடையது, எந்த வருஷம் என்று மேலே எழுதி வையுங்கள். ஒரு ஸ்கெட்ச் பேனா போதும்.